ஆதிக்கத்தை ஆராய எந்தத் துறையில் சேரலாம்? தில்லி வரும் தமிழ் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தில்லிக்கு மேல்படிப்புக்கு வரும் தமிழ் மாணவர்களில் பலர் ஆதிக்கத்தைப் பற்றி ஆராய வேண்டும் என்ற வேகத்தோடு வருகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் பிறந்தவருக்கும் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவருக்கும் அந்த வேகம் வந்த காரணம் வேறு வேறாக இருக்கும். சிக்கல் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. சமூகவியல், அரசியல், சட்டம், விலங்கியல், மரபியல் என்று எந்தத் துறையின் கதவைத் தட்டினாலும், "ஆதிக்கமா, அது எங்கள் பாடம்தான்" என்பார்கள். சொல்வது பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு துறையும் அந்தப் பெயரில் வேறொன்றைப் படிக்கிறது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் "நான் கேட்க வந்தது இதுவல்லவே" என்று தவிக்கும் பிள்ளைகளை ஆசிரியராக நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். ஆதிக்கம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அந்தத் துறை எதைச் சாட்சியாகக் கேட்கிறது? அந்தச் சாட்சியைத் திரட்டத்தான் உங்கள் இளமையின் சில ஆண்டுகள் போகப்போகின்றன. பாடத்திட்டத்தின் தலைப்புகளைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இதைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

மரபியலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் ஏன் ஒதுக்குகிறோம் என்று தெரிந்து ஒதுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆதிக்கத்துக்கும் மரபியலின் ஓங்குதலுக்கும் 'டாமினன்ஸ்' என்ற ஒரே சொல்தான். பள்ளியில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்தவர்கள் மனத்தில், வலிய மரபணு மெலிய மரபணுவை அமுக்கிவிடுகிறது என்ற சித்திரம் பதிந்துபோகிறது. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிச் சோதனையில், உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை விதைகள் எல்லாம் உருண்டையாக இருந்தன. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். இதில் எதுவும் எதையும் அமுக்கவில்லை. சுருங்கும் வகையில், மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் ஒரு நொதி வேலை செய்வதில்லை. அதனால் விதைக்குள் சர்க்கரை தேங்குகிறது, நீர் கூடுதலாகச் சேர்கிறது, காயும்போது விதை சுருங்கிவிடுகிறது. நொதியைச் செய்யத் தெரிந்த மரபணுப் பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகிவிடும் என்பதால் அது ஓங்கு பண்பு. அவ்வளவுதான்.

ஓங்கு பண்பு என்றால் காலப்போக்கில் எங்கும் பரவிவிடும் என்பதும் தவறு. இதை 1908இல் ஒரு சிறு கடிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர், பின்னாளில் நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி. கையில் ஆறாவது விரல் முளைப்பது பெரும்பாலும் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது, ஆனாலும் அரிது. ஓ வகை இரத்தம் ஒடுங்கு பண்பு, ஆனாலும் நம் நாட்டில் மிகப் பரவலான வகைகளுள் ஒன்று. அரிவாள் செல் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாகப் பார்த்தால் அது ஒடுங்கு பண்பு. கடும் மலேரியாவைத் தாங்கும் திறனாகப் பார்த்தால் ஓங்கு பண்பு. அதன் ஒரு பிரதி மட்டும் உடையவரின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகையும் சேர்ந்தே தெரியும். எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மரபணுவின் தகுதி மாறுகிறது. எனவே "ஆளப் பிறந்த இரத்தம்" என்று யாராவது மரபியலைத் துணைக்கு அழைத்தால் அதை ஏற்காதீர்கள். அந்த அறிவியல் அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகத்தில் மரபியலுக்குத் தனித் துறை இருக்கிறது. செல்லும் நொதியும் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். மனிதர் மனிதரை அடக்குவதற்கான காரணத்தைத் தேடி அங்கே போகாதீர்கள்.

விலங்கு நடத்தையியல் அப்படி ஒதுக்கத்தக்கது அல்ல. ஆதிக்கம் என்பது ஒருவரின் குணமல்ல, இருவருக்கு இடையே நிகழ்வது என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டிய துறை அதுதான். நார்வேயைச் சேர்ந்த ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்து, எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது பதிலுக்குக் கொத்தாமல் விலகுகிறது என்று குறித்துவைத்து, 1920களின் தொடக்கத்தில் 'கொத்து வரிசை' என்ற கருத்தை முன்வைத்தார். இன்று இத்துறையில் பெரிதும் ஏற்கப்படும் வரையறை 1993இல் வந்தது. இரண்டு விலங்குகள் திரும்பத் திரும்ப மோதி, முடிவு ஒன்றுக்கே சாதகமாகி, மற்றது மோதலை வளர்க்காமல் தானாகவே விட்டுக்கொடுக்கத் தொடங்கினால் அதுவே ஆதிக்கம். சாட்சி, விட்டுக்கொடுப்பவரின் செயலில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தில்லியில் இதைப் பார்க்க எங்கும் தேடிப் போக வேண்டாம். அரசு அலுவலகங்களின் மதில்மேல் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஒரு பெண் குரங்கு நடந்து வரும். உறுமல் இல்லை, பல்லைக் காட்டுவதும் இல்லை. அது நான்கு அடி தள்ளி வரும்போதே வேறொன்று தின்றுகொண்டிருந்த வாழைப்பழத் தோலைக் கீழே போட்டுவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல எழுந்து நகரும். வந்தது அந்த இடத்தில் உட்காரும். எல்லாம் இரண்டு மூன்று விநாடிதான். இப்படிப்பட்ட நகர்வுகளை மாதக்கணக்கில் பட்டியலிட்டு, யார் யாருக்கு நகர்ந்தார் என்று அட்டவணை போட்டால் வரிசை தெரியவரும். ரீசஸ் இனத்தைச் சேர்ந்த இந்தக் குரங்குகளில் பெண்களின் வரிசை தாய்வழியாக வருகிறது. மகள் தாய்க்கு அடுத்த படியில் அமர்கிறாள். தங்கை பெரும்பாலும் அக்காவுக்கு மேலே போய்விடுகிறாள். உடல் வலு இதில் முதற்காரணமே அல்ல.

இந்தத் துறை தன் பழைய கருத்தையே திருத்திக்கொண்ட வரலாறும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். சண்டையிட்டுத் தலைமையைப் பிடிக்கும் 'அல்ஃபா' ஓநாய் என்ற பேச்சு, 1947இல் ஷென்கல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அவர் பார்த்தவை சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைக்கப்பட்ட ஓநாய்கள். பின்னர் கனடாவின் எல்ஸ்மீர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் கவனித்த டேவிட் மெக், 1999இல் வேறு முடிவைச் சொன்னார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். தலைமைக்குச் சண்டை என்று சொல்லத்தக்கது அங்கே அரிது. ஆனால் 'அல்ஃபா ஆணாக இருங்கள்' என்று இளைஞர்களுக்குப் போதிப்பவர்கள் இன்றும் அந்தக் கூண்டு ஓநாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தக் கருத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான மெக்கே அதைத் திருத்திவிட்ட பிறகும் பழைய பிழையை விற்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சூழலியலில் கணக்கு வேறு. அங்கே ஒரு நிலத்தில் எந்த இனம் எவ்வளவு இடத்தையும் உயிர்த்திரளையும் பிடித்திருக்கிறது என்பதே ஆதிக்கம். அடிமரப் பரப்பையும் இலைக்கவிகையையும் அளந்து சொல்வார்கள். தில்லி ரிட்ஜ் காட்டில் நடந்தால் எங்கு திரும்பினாலும் விலாயதி கீக்கர் நிற்கும். அது நம் ஊர்ச் சீமைக்கருவேலமேதான். அமெரிக்கக் கண்டத்து மரத்தை ஆங்கிலேயர் இங்கே நட்டார்கள், அது மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்ததுதான் முக்கியமானது என்று நினைக்க வேண்டாம் என்பதையும் இதே துறை கற்றுத்தருகிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் பாறைகளிலிருந்து சிப்பிகளைத் தின்னும் ஒருவகை நட்சத்திர மீனை மட்டும் சூழலியலாளர் ராபர்ட் பெயின் அகற்றிப் பார்த்தபோது, சிப்பிகள் பாறையை மூடிக்கொண்டு பல இனங்கள் மறைந்துபோயின. 1966இல் வெளியான ஆய்வு அது. காடும் மண்ணும் பிடித்தவர்களுக்கு இது அருமையான படிப்பு.

மூளையின் இடப்பாதி ஆதிக்கம், போட்டியில் முடிவெடுப்பதைக் கணக்கிட்டு ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டின் ஆதிக்க உத்தி என்று இன்னும் உண்டு. பின்னது, எதிராளி எதைச் செய்தாலும் நமக்கு மேலான பலன் தரும் தேர்வைக் குறிக்கிறது. அது தேர்வுகளுக்கு இடையிலான உறவு, ஆட்களுக்கு இடையிலானது அல்ல. பொருளாதாரத்தில் சேர்ந்தால் எப்படியும் படிப்பீர்கள், அதற்காகவே சேரத் தேவையில்லை.

இனி சமூகவியல். இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே, ராம்புரா என்று அவர் பெயர் மறைத்து அழைத்த ஊரில் களப்பணி செய்தார். வருண அடுக்கின்படி மேலே இருப்பவர்கள் ஒரு சாரார். ஊரை உண்மையில் நடத்துபவர்கள் வேறொரு சாரார். அங்கே அது உழவர் சாதியான ஒக்கலிகர்கள். அதிலிருந்து ஆதிக்கச் சாதி என்ற கருத்து பிறந்தது. எண்ணிக்கை பலம், நிலவுடைமை, அரசியல் செல்வாக்கு, சடங்கு அடுக்கில் மிகத் தாழாத இடம் என்று சில அடையாளங்களைச் சொன்னார். நவீனக் கல்வியும் உத்தியோகமும் பின்னர்ச் சேர்ந்தன. அதே சீனிவாஸ்தான் 1959இல் தில்லிப் பொருளியல் பள்ளியில் சமூகவியல் துறையைத் தொடங்கினார். அத்துறையைச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக்குப் போய், ஸ்ரீபுரம் என்று பெயரிட்ட ஊரின் அக்கிரகாரத்தில் தங்கி ஆராய்ந்தார். சாதி மேன்மை, நில உடைமை, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருகாலத்தில் ஒரே கையில் இருந்தன, இப்போது அவை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று 1965இல் எழுதினார். தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் அத்துறையின் படியேறும் தமிழ் மாணவர் தன் ஊர்க் கதையின் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்.

இந்தக் கருத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. ஒரு சாதி முழுவதும் ஆதிக்கம் செய்வதில்லை, அதிலுள்ள சில குடும்பங்களே செய்கின்றன, அவற்றுக்குள்ளும் கோஷ்டிகள் பிரிந்திருக்கின்றன என்றார் எஸ்.சி. துபே. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆதிக்கச் சாதி என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், எந்த வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து கூடுகிறது, எந்தத் தெருவுக்குக் குழாய் முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குரங்கு மதிலுக்கும் மனித வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். தெற்குத் தில்லியில் அடுக்குமாடிகளில் வேலை செய்யும் நம் சேலம், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவருடைய ஒரு காலை வேளையைக் கவனியுங்கள். மின்தூக்கி திறந்தே இருக்கும், அவர் படியேறுவார். உள்ளே போனதும் அடுப்படி மூலையில் தனியாகக் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் தம்ளரைத் தானே எடுத்துக்கொள்வார். தேநீரை வாங்கித் தரையில் உட்கார்ந்து குடிப்பார். "நாற்காலியில் உட்காருங்கள் அக்கா" என்று அந்த வீட்டுப் பெண் சொன்னாலும், "இருக்கட்டும் அம்மா" என்பார். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் மோதலின்றி விட்டுக்கொடுப்பதுதான். ஆனால் குரங்குக்கு அதற்கு முன் நடந்த மோதலின் நினைவு இருக்கிறது. இந்தப் பெண்ணோ அந்த வீட்டில் யாரோடும் மோதியதில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே, வேறோர் ஊரில், வேறு மனிதர்களுக்கிடையே தீர்ந்துபோன கணக்கை அவர் உடல் கட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கவும் விளக்கவும் சமூகவியலுக்குத்தான் கருவி இருக்கிறது. ஒரு கட்டளைக்குக் குறிப்பிட்ட மக்கள் கீழ்ப்படிவார்கள் என்ற வாய்ப்பே ஆதிக்கம் என்றார் மாக்ஸ் வெபர். கீழ்ப்படிபவர்கள் அதை நியாயம் என்று நம்புவது அதன் தூண் என்றும் சொன்னார். கட்டளையே இல்லாமல் அது நடக்கும்போது ஆய்வு இன்னும் கடினமாகிறது, இன்னும் அவசியமாகிறது.

இத்துறையின் செலவையும் மறைக்கக் கூடாது. களப்பணிக்கு மாதங்கள் போகும். வேலை செய்பவர்களிடம் தமிழில் பேசிவிடலாம், வீட்டுக்காரர்களிடம் பேச இந்தி வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு ஆதிக்கத்தை எழுத முடியாது. குறிப்புகளை நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் சீனிவாஸ் தொகுத்திருந்த ராம்புராக் குறிப்புகள் எரிந்துபோய், அவர் நினைவிலிருந்தே அந்த ஊரை மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

அரசியல் அறிவியலுக்கு வருவோம். 1952 தேர்தலில் காங்கிரஸ் சுமார் 45 விழுக்காடு வாக்கு பெற்று, மக்களவையின் 489 இடங்களில் 364ஐப் பிடித்தது. பாதிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் வேறு யாருக்கோ வாக்களித்திருந்தார்கள். இதைத் தடியால் அடித்து ஆளும் ஒற்றைக் கட்சி ஆட்சி என்று சொல்ல முடியாது. மற்றக் கட்சிகள் இயங்கின, ஆனால் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தன. உண்மையான போட்டி காங்கிரசுக்குள் இருந்த கோஷ்டிகளுக்கிடையே நடந்தது. 1963இல் தில்லியில் வளரும் சமுதாயங்கள் ஆய்வு மையத்தை நிறுவிய ரஜனி கோத்தாரி 1964இல் இதைத்தான் 'காங்கிரஸ் அமைப்புமுறை' என்று விளக்கினார். மூன்றே ஆண்டுகளில், 1967இல், சென்னை மாநிலத்தில் தி.மு.க. அந்த அமைப்புமுறையின் ஒரு தூணைச் சாய்த்தது. அரசியல் அறிவியல் கேட்கும் சாட்சி வாக்கும் இடமும் கூட்டணியும். தேர்தல் முடிவுகளை இரவு விழித்துப் பார்ப்பவர்களுக்கு ஏற்ற இடம். அடுப்படி மூலையின் தம்ளர் அதன் கண்ணில் படுவது குறைவு.

சட்டத்தைப் பலர் இந்தப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன், சமூகவியலுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் வைப்பேன். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவு மேலாதிக்க நிலையை வரையறுக்கிறது. சந்தையின் போட்டி விசைகளைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் இயங்கவும், போட்டியாளரையோ நுகர்வோரையோ சந்தையையோ தனக்குச் சாதகமாகத் திருப்பவும் ஒரு நிறுவனத்துக்கு இடம்கொடுக்கும் வலுவான நிலை அது. அந்த நிலையில் இருப்பது குற்றமல்ல, அதைத் துஷ்பிரயோகம் செய்வதே குற்றம். இந்தத் தெளிவு வேறெந்தத் துறையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நடைமுறையில் வழக்கு எங்கே தீர்கிறது என்பதுதான் சுவையானது. குர்காவுனில் ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் 19 மாடி என்று சொல்லி விற்றுவிட்டு, 29 மாடியாக உயர்த்தியதாக வீடு வாங்கியவர்கள் முறையிட்டார்கள். 2011 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் டி.எல்.எஃப். நிறுவனத்துக்கு 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முன் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி, சந்தை எது என்பது. நாடு முழுவதும் உள்ள வீடுகள் என்று எடுத்தால் எந்த நிறுவனமும் மேலாதிக்க நிலையில் இராது. குர்காவுனின் உயர்தரக் குடியிருப்புகள் என்று ஆணையம் வரம்பு கட்டியது, அங்கே அந்நிறுவனம் மேலோங்கி நின்றது. எல்லையை எங்கே போடுகிறோமோ அங்கே ஆதிக்கம் தோன்றுகிறது அல்லது மறைகிறது. சமூகவியல் மாணவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சாதி ஊரில் ஆதிக்கமாகவும் மாவட்டத்தில் சாதாரணமாகவும் இருக்கலாம்.

கரோல் பாகில் மெஸ் நடத்தும் நம்மவர்களிடம் பேசினால், உணவு விநியோகச் செயலிகள் பிடித்துக்கொள்ளும் தரகைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். வணிகவியல் முடித்த ஒரு மாணவர் இதை ஆராய வேண்டும் என்று என்னிடம் வந்தார். தயங்காமல் சட்டத்துக்கு அனுப்பினேன். செயலி வழி உணவு தனிச் சந்தையா, கடையில் போய்ச் சாப்பிடுவதும் அதில் சேருமா என்ற கேள்வியில்தான் அவருடைய ஆய்வே நிற்கிறது. விலங்கியல் இளங்கலை முடித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து எண்ணும் பொறுமையோடு வந்த இன்னொருவரைக் குரங்குகளிடம் அனுப்பினேன். நகரத்தில் பிடித்த குரங்குகளைக் கொண்டுபோய் விடும் அசோலா பாட்டி சரணாலயம் தில்லியின் தெற்கு எல்லையில்தான் இருக்கிறது. இடம் மாற்றப்பட்ட குரங்குகளின் வரிசை என்னவாகிறது என்பது நல்ல கேள்வி.

சமூகவியலா சட்டமா என்று இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் சமூகவியல் முதுகலை, அதன்பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. சட்டத்தை முதலில் படித்தவர்கள், ஒரு நிகழ்ச்சியைக் கேட்டதும் அது எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பிரிவுக்குள் வராதது அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஐந்து ஆண்டு தாங்க வீட்டில் வசதி இல்லையென்றால் சமூகவியலோடு நிறுத்திக்கொள்ளலாம். போட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவையும், மேலாதிக்க நிலையைக் கணிக்கும் அம்சங்களை அடுக்கும் பத்தொன்பதாம் பிரிவையும், அந்தக் குர்காவுன் வழக்கின் ஆணையையும் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிடலாம். விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்கினால் போதும்.